மேடையிலே தகப்பன், விடுதியிலே பிள்ளை: சார்லி சாப்ளின் வளர்ந்த கதை

 

சார்லி சாப்ளினைத் தெரியாதவர்கள் உங்களில் யாரும் இருக்கமாட்டீர்கள். தொளதொளவென்று ஒரு சிலுவார், இறுக்கமான மேல்சட்டை, அளவுக்கு மீறிய சப்பாத்து, தலையில் சின்னத் தொப்பி, கையில் ஒரு பிரம்பு, மூக்குக்குக் கீழே துண்டு மீசை. தோட்டத்துத் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டிய காலத்தில், அந்த உருவம் துணியில் வந்தாலே போதும், கிழவி முதல் கைப்பிள்ளை வரை சிரிப்பார்கள். வாய் பேசாத படம். ஆகவே ஆங்கிலம் தெரியவில்லையே என்ற குறையும் யாருக்கும் இருந்ததில்லை.

அந்த மனிதர் ஏழையாகப் பிறந்து உயர்ந்தவர் என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆனால் ஒரு சங்கதி பலருக்குத் தெரியாது. சார்லியின் தகப்பனாரும் தாயாரும் பாடகர்கள். தகப்பனார் ஊரறிந்த மேடைக் கலைஞர். பேர் பெற்ற அப்பனுக்குப் பிறந்த பிள்ளை எப்படி அநாதைப் பிள்ளைகளோடு சேர்ந்து வளர்ந்தது? அதைத்தான் இந்த மலரில் உங்களுக்குச் சொல்லப் போகிறேன். இதில் வரும் சிறுசிறு சம்பவங்களைச் சாப்ளினே 1964-ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் வாழ்க்கை வரலாற்றில் சொல்லியிருக்கிறார்.

பாட்டுக் கொட்டகையும் மதுக்கடையும்

சார்லி 1889-ஆம் ஆண்டு ஏப்ரல் 16-ஆம் தேதி லண்டன் பட்டணத்தில் பிறந்தார். தகப்பனார் பெயரும் சார்லஸ் சாப்ளின்தான். தாயார் ஹன்னா, ஒரு சப்பாத்துத் தைப்பவரின் மகள். மேடையில் அவருக்கு லில்லி ஹார்லி என்று பெயர். சார்லிக்கு நான்கு வயது மூத்த அண்ணன் ஒருவன் இருந்தான், அம்மா வழியில். அவன் பெயர் சிட்னி.

அந்தக் காலத்தில் சினிமாவும் கிடையாது, ரேடியோவும் கிடையாது. மக்கள் பொழுது போக்குவதற்கு மியூசிக் ஹால் என்ற பாட்டுக் கொட்டகைகள் இருந்தன. ஒருவர் பின் ஒருவராக வந்து பாடுவார்கள், ஆடுவார்கள், வேடிக்கை காட்டுவார்கள். ஒரு பாட்டு பிடித்துவிட்டால் அதை அச்சுத்தாளில் கடையில் வாங்கி வீட்டில் பாடிக்கொள்வார்கள். சார்லியின் தகப்பனார் படம் அப்படிப்பட்ட பாட்டுத்தாள்களின் அட்டையில் அச்சாகி விற்றது. 1890-ல் அவர் நியூயார்க் வரைக்கும் போய்ப் பாடிவிட்டு வந்தார். வாரத்துக்கு 40 பவுன் வரை அவர் சம்பாதித்தார் என்று மகன் எழுதியிருக்கிறார். அந்தக் காலத்தில் அது பெரிய பணம்.

பிறகு எங்கே கோளாறு? அதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். பாட்டுக் கொட்டகைகளில் மதுக்கடையும் சேர்ந்தே இருந்தது. பாட்டு முடிந்ததும் பாடகர் அங்கே போய், ரசிகர்களோடு சேர்ந்து குடிக்க வேண்டும் என்று எதிர்பார்த்தார்கள். பேர்போன பாடகன் வந்து உட்கார்ந்தால் வியாபாரம் நன்றாக ஓடும். மறுத்தால் அடுத்த தடவை கூப்பிடமாட்டார்கள். ஆக, பாடுவதற்கு ஒரு சம்பளம், குடிப்பதற்கு ஒரு கட்டாயம். முதலில் தொழிலுக்காகக் குடித்தார்; பிறகு குடிக்காகத் தொழில் செய்தார். சார்லிக்கு விவரம் தெரியும் முன்பே தாயும் தகப்பனும் பிரிந்துவிட்டார்கள்.

ஐந்து வயதில் முதல் மேடை

தாயார் இரண்டு பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு தொடர்ந்து பாடினார். ஆனால் தொண்டை கெட்டுக்கொண்டே வந்தது. பாடிக்கொண்டிருக்கும்போதே குரல் கம்மிவிடும். 1894-ல் ஆல்டர்ஷாட் என்ற ராணுவ ஊரில் பாடினார். பார்க்க வந்தவர்கள் பெரும்பாலும் சிப்பாய்கள். பாட்டின் நடுவில் குரல் உடைந்தது. கேலி, கூச்சல், விசில்! அவர் அழுதுகொண்டு உள்ளே வந்துவிட்டார். மேடை மேலாளருக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஓரத்தில் நின்ற ஐந்து வயது சார்லியைக் கையைப் பிடித்து மேடையில் கொண்டுபோய் விட்டுவிட்டார்.

பையன் பயப்படவில்லை. தனக்குத் தெரிந்த பாட்டைப் பாடினான். காசு மழையாக விழுந்தது. உடனே பாட்டை நிறுத்திவிட்டு, முதலில் காசைப் பொறுக்கிக்கொள்கிறேன், பிறகு பாடுகிறேன் என்று சபையில் அறிவித்தான். கொட்டகையே சிரித்தது. பிறகு அம்மா பாடுவதைப்போல் பாடிக்காட்டினான். குரல் உடைந்ததைக்கூட அப்படியே செய்துகாட்டினான்! வேண்டுமென்று செய்யவில்லை. அவனுக்கு என்ன தெரியும்? அதற்கும் சபை சிரித்தது. அதுதான் அவனுக்கு முதல் மேடை. அம்மாவின் மேடை வாழ்க்கை அதோடு முடிந்துபோனது.

அதன் பிறகு மூன்று அறை வீடு இரண்டு அறையானது, இரண்டு ஒன்றானது. அம்மா வாடகைத் தவணைக்கு ஒரு தையல் மெஷின் எடுத்துத் துணி தைத்தார். தகப்பனார் வாரம் 10 ஷில்லிங் கொடுக்க வேண்டும். அது வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. கடைசியில் அடியோடு நின்றுபோனது. தவணை கட்டாததால் மெஷினையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். ஆனால் அந்த ஒற்றை அறையிலும் அந்தத் தாய் ஒரு காரியம் செய்தார். ஜன்னலோரம் உட்கார்ந்து, தெருவில் போகிறவர்களின் நடையையும் முகத்தையும் பார்த்து, அவர்கள் மனத்தில் என்ன ஓடுகிறது என்று பிள்ளைகளுக்கு நடித்துக் காட்டுவார். சாப்ளின் பின்னாளில் கற்ற வித்தைக்கெல்லாம் அதுதான் அரிச்சுவடி.

பேரெழுதப் படித்த இடம்

1896-ல் வேறு வழியே இல்லாமல் மூவரும் லாம்பெத் பகுதியில் இருந்த ஏழை விடுதிக்குப் போனார்கள். ஏழை விடுதி என்றால் நம்ம ஊர் அன்பு இல்லம் மாதிரி நினைத்துவிடாதீர்கள். போக்கற்றவர்களைச் சேர்த்துக்கொண்டு, சோறு போட்டு, அதற்கு வேலை வாங்கும் இடம். உள்ளே போனால் ஒரே குடும்பத்தைப் பிரித்துவிடுவார்கள். பெண்கள் ஒரு பக்கம், பிள்ளைகள் ஒரு பக்கம். வாசல் தாண்டியதும் அம்மா வேறு, பிள்ளை வேறு.

மூன்று வாரம் போல் கழித்துப் பிள்ளைகளை ஹான்வெல் என்ற ஊரில் இருந்த ஏழைப் பிள்ளைகள் பள்ளிக்கு அனுப்பினார்கள். சார்லிக்கு அப்போது ஏழு வயது. அண்ணன் சிட்னியைச் சில மாதத்தில் கப்பல் பயிற்சிக்கு எடுத்துக்கொண்டார்கள். சார்லி தனியாக நின்றான். தலையில் படை வந்ததால் மொட்டை அடித்து மருந்து தடவிவிட்டார்கள். செய்யாத குற்றத்துக்குப் பிரம்படியும் வாங்கினான். ஆனாலும் ஒன்று நடந்தது. சாப்ளின் என்று தன் பெயரை எழுதுவதற்கு அவன் கற்றுக்கொண்டது அந்தப் பள்ளியில்தான். அந்த எழுத்துகளைப் பார்க்கப் பார்க்க அவனுக்கு ஆசையாக இருந்ததாம்; தன் ஜாடையே அதில் தெரிவதுபோல் இருந்ததாம்.

எண்ணிப் பாருங்கள். அதே பெயர் பாட்டுத்தாளின் அட்டையில் பெரிய எழுத்தில் அச்சாகியிருந்தது. அது அப்பனுடைய பெயர். பிள்ளையோ அதே பெயரை அநாதைகளோடு உட்கார்ந்து எழுதிப் பழகினான்.

பேர் கேட்ட தகப்பன்

ஒன்பது வயது வரையில் சார்லி தன் தகப்பனைப் பார்த்தது இரண்டே தடவை. ஒரு தடவை மேடையில். இன்னொரு தடவை கென்னிங்டன் சாலையில். தகப்பனார் ஒரு வீட்டிலிருந்து ஒரு பெண்ணோடு வெளியே வந்துகொண்டிருந்தார். பையன் நின்று பார்த்தான். அவர்தான் அப்பா என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. அவர் அவனைக் கிட்டே கூப்பிட்டார். உன் பேர் என்ன என்று கேட்டார். பையன் ஒன்றும் தெரியாதவன்போல் முகத்தை வைத்துக்கொண்டு, சார்லி சாப்ளின் என்றான். அவர் பக்கத்தில் நின்ற பெண்ணை ஒரு பார்வை பார்த்தார். பையில் கைவிட்டு அரைக்கிரவுன் காசு ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அவ்வளவுதான். பையன் ஒரே ஓட்டமாக ஓடிப்போய், அப்பாவைப் பார்த்தேன் என்று அம்மாவிடம் சொன்னான்.

பெற்ற பிள்ளையிடம் பேர் கேட்ட அப்பன்! அடித்ததுமில்லை, திட்டியதுமில்லை. ஆனால் அந்தக் கேள்வி அடியைவிடப் பெரியது. அதைவிட மனத்தை உலுக்குவது, அந்தப் பையன் சந்தோஷமாக ஓடினானே, அதுதான்.

1898-ல் மறுபடியும் விடுதி. அந்த ஆகஸ்டு மாதத்தில் தாயார் ஒரு நாள் வெளியே போகிறோம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்தார். சிட்னி கையில் ஒன்பது பென்ஸ் இருந்தது. அதில் அரைராத்தல் செர்ரிப் பழம் வாங்கினார்கள். கென்னிங்டன் பூங்காவில் உட்கார்ந்து தின்றார்கள். பழைய பத்திரிகையைச் சுருட்டி நூல் கட்டிப் பந்து விளையாடினார்கள். ஒரு கடையில் தேநீர் குடித்தார்கள். பொழுது சாயும்போது விடுதிக்கே திரும்பிப் போய்ச் சேர்ந்துகொண்டார்கள். அதிகாரிகளுக்குக் கோபமான கோபம். திரும்பவும் பேர் பதிய வேண்டும், துணிகளை ஆவியில் வேகவைக்க வேண்டும். ஆனால் அந்தத் தாய்க்கு ஒரு நாள் முழுக்கத் தன் பிள்ளைகள் தன்னோடு இருந்தார்கள்.

அதற்கு அடுத்த மாதமே தாயாருக்குப் புத்தி பேதலித்துவிட்டது. மனநோய் மருத்துவமனைக்குக் கொண்டு போனார்கள். பிள்ளைகளைத் தகப்பன் வீட்டில் விட்டார்கள்.

ஆக, முதன்முதலாக அப்பாவோடு ஒரே கூரையின் கீழ்! சார்லி அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். சாப்பாட்டு மேசையில் அவர் இறைச்சி வெட்டும்போது கத்தியைப் பேனா பிடிப்பதுபோல் பிடிப்பார். பையனும் அப்படியே பிடித்தான். பல வருஷம் அந்தப் பழக்கம் அவனை விட்டுப் போகவில்லை. பெற்றோர்களே, பிள்ளைகள் நம்மைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். நாம் பார்க்காத நேரத்திலும் பார்க்கிறார்கள்.

ஆனால் அந்த வீட்டிலும் நிம்மதி இல்லை. தகப்பனார் பாதி நாள் வீட்டுக்கு வருவதில்லை. அவரோடு வாழ்ந்த லூயிஸ் என்ற பெண்ணும் குடிப்பவர். கோபம் வந்தால் பிள்ளைகளை வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிடுவார். ஒரு நாள் விடியற்காலை மூன்று மணிக்கு, காவற்காரன் மூட்டிய நெருப்பின் பக்கத்தில் இரண்டு பிள்ளைகளும் படுத்துக் கிடந்ததைப் போலீஸ்காரர் கண்டுபிடித்தார். குழந்தைகளைக் கொடுமைப்படுத்துவதைத் தடுக்கும் சங்கத்துக்காரர்கள் விசாரிக்க வந்தார்கள். தாயார் குணமாகித் திரும்பியதும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டார்.

ஆனாலும் அந்தத் தகப்பனை முழுக்கக் கெட்டவர் என்று தள்ளிவிட முடியாது. லங்காஷயர் பையன்கள் எட்டுப் பேர் என்ற நடனக் குழுவை நடத்தியவர் அவருக்குப் பழக்கம். அவரிடம் சொல்லி, தாயாரையும் சம்மதிக்க வைத்து, சார்லியை அதில் சேர்த்துவிட்டார். சார்லியின் தொழில் வாழ்க்கை அங்கேதான் தொடங்கியது.

37 வயதில் மகன் பார்த்த முகம்

1901-ல் ஒரு மாலை. சார்லி கென்னிங்டன் சாலையில் போகும்போது, அப்பா உள்ளே இருப்பாரோ என்று ஒரு மதுக்கடையை எட்டிப் பார்த்தான். மூலையில் உட்கார்ந்திருந்தார். உடம்பெல்லாம் வீங்கி, மூச்சுவிடச் சிரமப்பட்டுக்கொண்டிருந்தார். வயது 37, 38 தான். பையனைக் கண்டதும் முகம் மலர்ந்தது. அம்மாவைப் பற்றியும் சிட்னியைப் பற்றியும் விசாரித்தார். புறப்படும்போது அவனைக் கட்டிப்பிடித்து முத்தமிட்டார். வாழ்நாளில் அவர் கொடுத்த முதல் முத்தம் அது. கடைசி முத்தமும் அதுதான். அந்த மே மாதம் 9-ஆம் தேதி மருத்துவமனையில் காலமானார். ஈரல் கெட்டுப்போயிருந்தது.

அப்போது சார்லிக்கு வயது 12. கையில் கறுப்புத்துணி கட்டிக்கொண்டு, சிறு சிறு பூச்செண்டு கட்டி விற்றான். துக்கத்தில் இருக்கும் பையன் என்று மதுக்கடைப் பெண்கள் மனமிரங்கி வாங்கினார்கள். நல்ல காசு. ஒரு நாள் அவன் மதுக்கடையிலிருந்து வெளியே வருவதை அம்மா பார்த்துவிட்டார். உன் அப்பாவைக் கொன்றதே குடிதான், அந்த இடத்துக் காசு நமக்கு விளங்காது என்று சொல்லித் தடுத்துவிட்டார். ஆனால் சம்பாதித்த காசை வாங்கி வைத்துக்கொண்டார். பாவம், என்ன செய்வார்? அடுப்பு எரிய வேண்டுமே!

1903-ல் தாயாருக்கு மறுபடியும் மனநோய் வந்தது. சிட்னி கப்பலில் போயிருந்தான். 14 வயதுப் பையன் தனியாகவே அம்மாவைக் கைத்தாங்கலாக மருத்துவமனைக்கு நடத்திக்கொண்டு போனான். பட்டினிதான் காரணம் என்று டாக்டர் சொன்னார். பின்பு ஒரு தடவை பார்க்கப் போனபோது, அன்றைக்கு எனக்கு ஒரு வாய் தேத்தண்ணி கொடுத்திருந்தால் இப்படி ஆகியிருக்காது என்று அம்மா சொன்னார். அந்த வார்த்தை சார்லியின் நெஞ்சில் முள்ளாகத் தைத்துவிட்டது.

குடியைக் காட்டிச் சிரிக்க வைத்தவர்

அதே 1903-ல் நாடகத்தில் வேலை கிடைத்தது. அவனுக்குச் சரியாகப் படிக்கத் தெரியாது. வசனத்தை எப்படி மனப்பாடம் செய்வது? கடலிலிருந்து திரும்பிய சிட்னி உட்கார்ந்து வாசித்துக் காட்ட, மூன்றே நாளில் பாடம் செய்தான். மாணவர்களே, அப்படி ஓர் அண்ணன் கிடைப்பது பெரிய பாக்கியம். உங்களுக்குத் தம்பி தங்கை இருந்தால் நீங்களும் அப்படி இருங்கள்.

1908-ல் பிரெட் கார்னோ என்பவரின் நகைச்சுவைக் குழுவில் சேர்ந்தார். அங்கே அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்த வேடம் எது தெரியுமா? குடிகாரன் வேடம்! நல்ல உடை போட்ட பணக்காரக் குடிகாரன், தள்ளாடித் தள்ளாடி விழுவான். அந்த வேடம் போட்டு அமெரிக்கா போனபோதுதான் சினிமாக்காரர்கள் கண்ணில் பட்டார். தகப்பனைக் கொன்ற குடியை மகன் மேடையில் காட்டினார், உலகம் சிரித்தது. அந்தத் தள்ளாட்டத்தை அவர் எங்கே பார்த்துப் படித்தார் என்பதைச் சபையில் எத்தனை பேர் நினைத்திருப்பார்கள்?

1914-ல் முதல் படம். வாரச் சம்பளம் 150 டாலர். 1916-ல் ஒரே ஒப்பந்தத்தில் வருஷத்துக்கு 670,000 டாலர். ஏழை விடுதியில் பேரெழுதப் படித்த பையனுக்கு அப்போது 26 வயது. 1921-ல் 'கிட்' என்ற படம் வந்தது. தெருவில் கிடந்த பிள்ளையை ஒரு பரதேசி எடுத்து வளர்க்கிறான். அதிகாரிகள் பிள்ளையை வண்டியில் ஏற்றிக்கொண்டு போக வருகிறார்கள். அவன் கூரை மேல் ஓடிப்போய்ப் பிள்ளையை மீட்கிறான். 1896-ல் தனக்கு யாரும் செய்யாததைத் தன் படத்தில் அவரே செய்துகொண்டார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அதே 1921-ல் தாயாரைக் கலிபோர்னியாவுக்கு வரவழைத்து, வீடு எடுத்து, ஆள் வைத்துப் பார்த்துக்கொண்டார். 1928-ல் அவர் காலமாகும் வரையில் ஒரு குறையும் வைக்கவில்லை. அண்ணன் சிட்னியையும் விட்டுவிடவில்லை. 1931-ல் லண்டனில் காந்தியடிகளைச் சந்தித்தார். 1932-ல் அண்ணனோடு நம் பக்கத்துச் சிங்கப்பூருக்கும் வந்து போனார்.

ஆனால் ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இவரும் பேர் பெற்ற தகப்பன் ஆனார் அல்லவா? 1927-ல் இரண்டாவது மனைவியோடு விவாகரத்து ஆனபோது, இரண்டு ஆண் பிள்ளைகளும் கைக்குழந்தைகள். அவர்கள் தாயிடம் வளர்ந்தார்கள். சின்ன வயதில் அப்பாவின் அருகாமை அவர்களுக்கும் அதிகம் கிடைக்கவில்லை. பட்ட காயம் தெரிந்தவருக்கே அது வழுக்கியது. பிறகு 1943-ல் ஊனா என்பவரை மணந்து எட்டுப் பிள்ளைகள் பெற்றார். சுவிட்சர்லாந்தில் வீடு வாங்கி, அவர்கள் நடுவிலேயே கடைசிக் காலத்தைக் கழித்தார். 1977-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில், 88-ஆம் வயதில் காலமானார்.

பெற்றோர்களே! நம்மில் யார் படமும் பாட்டுத்தாளில் அச்சாகவில்லை. வெட்டுக்காட்டுக்குப் போகிறோம், பழக்குலை வெட்டுகிறோம், கம்பெனிக்குப் போகிறோம். அதனால் பிள்ளைக்குக் கொடுக்க நம்மிடம் ஒன்றும் இல்லையே என்று சிலர் மனம் சோர்ந்து போவதுண்டு. அந்தப் பெரிய பாடகர் மகனுக்குக் கொடுக்கத் தவறியது என்ன என்று பாருங்கள். ஒழுங்காக ஒரு 10 ஷில்லிங். சாயங்காலம் குடிக்காமல் வீட்டுக்கு வருவது. பேர் கேட்காமலே பிள்ளையைக் கூப்பிடுவது. இதற்கு நாற்பது பவுன் சம்பளம் வேண்டியதில்லை. ஒற்றை அறையில் பசியோடு ஜன்னலோரம் உட்கார்ந்து நடித்துக் காட்டினாரே அந்தத் தாய், அவரிடமிருந்து கிடைத்ததுதான் மகனுக்கு ஆயுள் முழுக்கச் சோறு போட்டது.

பரிசளிப்பு விழா அன்று உங்கள் பிள்ளை மேடை ஏறும். பரிசைக் கையில் வாங்கியதும் அது முதலில் பார்ப்பது பரிசை அல்ல, தலைமையாசிரியரையும் அல்ல. கூட்டத்தில் உங்கள் முகத்தைத்தான் தேடும். தயவு செய்து நேரத்தோடு வாருங்கள், தெளிவான முகத்தோடு வாருங்கள், பிள்ளைக்குத் தெரிகிற இடமாகப் பார்த்து உட்காருங்கள்.

மாணவச் செல்வங்களே! பரிசு கிடைக்காதவர்களும் வருந்த வேண்டாம். 14 வயதில் வாசிக்கத் திணறிய ஒரு பையனின் கதையைத்தான் இவ்வளவு நேரம் படித்தீர்கள். உங்களுக்கு வாசிக்கத் தெரிகிறது. இன்று வீட்டுக்குப் போய், வாசிக்கத் தெரியாத பாட்டிக்கோ தாத்தாவுக்கோ இந்தக் கதையைப் படித்துக் காட்டுங்கள்.

வாழ்க தமிழ்! வளர்க நம் பள்ளி!